நீலம் வெளுக்கும் மண்

ஜூன் 9

கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். மதுரை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதம் இருப்பேன், மிஞ்சினால் இன்னும் பத்து நாள். தம்பி பால்ச்சாமியும் அவன் மனைவி ஜெயக்கொடியும் எழுந்து நடமாடும்வரைதான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. சோறு பொங்கிப் போட வேறு ஆள் இல்லை.

தம்பியின் தையலைப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம்.

"வலிக்குதாலே?"

"இல்லக்கா. சிரிச்சாத்தான் வலிக்கு."

அப்படியானால் இந்த வீட்டில் வலிக்க வழியில்லை.

தன் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து மனைவிக்குக் கொடுத்திருக்கிறான். என்னிடம் சொன்னது ஆபரேஷனுக்கு முந்தின வாரம். முன்னாலேயே கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஜெயக்கொடி தனி அறையில், முகக்கவசத்தோடு இருக்கிறாள். வாசற்படியில் நின்று, "எப்படி இருக்கே?" என்றேன். "நல்லாருக்கேன் மதினி" என்றாள். அவர்கள் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பேச்சு அந்த அளவுதான்.

ஜூன் 11

மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் விளக்கினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று விரட்டிவிடாமல் இருக்க, ஜெயக்கொடியின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் பச்சையாக எதையும் சாப்பிடக் கூடாது. கூட்டத்தில் போகக் கூடாது. மண், எரு, செடி பக்கமே போகக் கூடாது. நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவளைப் படுக்க வைத்துவிடும்.

கிருமியைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு கேனில் கிருமி என்றால் ஒரு டேங்கர் பால் சாக்கடைக்குப் போகும்.

சாயந்தரம் மொட்டைமாடிக்கு ஏறினேன். தலை சுற்றிவிட்டது. மாடி முழுக்கச் செடிப் பைகள். கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் புடலை, மூலையில் சாணி மக்கும் டிரம். கீழே ஒரு கிருமியும் அண்டக் கூடாதவள் படுத்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே கோடிக் கணக்கில் வளர்த்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 13

"மதினி, செடிக்குத் தண்ணி விடுவீங்களா?" என்று கேட்டாள். நகராட்சிக் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்து, அப்புறம்தான் ஊற்ற வேண்டுமாம்.

"ஏன், நேராப் பிடிச்சு ஊத்தினா என்ன?"

"குளோரின் கலந்து வருது. மண்ணுக்கு ஆகாது."

"குளோரின் கிருமியைத்தானே கொல்லும்?"

"அதுக்குத்தான் மதினி சொல்றேன்."

இவளோடு பேசிப் பயனில்லை.

ஜூன் 21

மாடியைச் சுத்தம் செய்தேன். கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கி, பண்ணையில் கேன் கழுவக் கரைப்பது மாதிரி வாளியில் கரைத்துத் தெளிய வைத்தேன். படிக்கட்டுக் கதவோரம் இருக்கும் பைகளுக்கு ஊற்றினேன். அந்தக் கதவு வழியாக வரும் காற்று நேராகக் கீழே ஜெயக்கொடி அறைக்குத்தான் இறங்குகிறது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருக்கும் பைகளுக்குப் பவுடர் போதவில்லை. நாளை வாங்க வேண்டும்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் பை பையாக மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. கொஞ்ச நேரத்தில் நெளியவும் இல்லை. அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெருக்கி அள்ளிப் போட்டேன்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 22

பவுடர் வாங்கவில்லை. கடை தூரம்.

ஜூன் 25

ஒரே வீட்டுக்குள் வீடியோ கால். ஜெயக்கொடிக்குச் செடிகளைப் பார்க்க வேண்டுமாம். போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, தொட்டிப் பக்கத்துப் பைகளைக் காட்டினேன்.

"புடலை நல்லா ஏறிருக்கு. சரி, கதவுப் பக்கம் காட்டுங்க."

"இங்க வெயில் அடிக்கு. ஒண்ணும் தெரியாது."

"காட்டுங்க மதினி."

காட்டினேன். கத்தரி இலைகள் ஓரம் கருகித் தொங்கின. தக்காளி தண்டோடு துவண்டிருந்தது. அவள் முகம் போனுக்கு அருகே வந்தது.

"என்ன ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"எதுக்கு மதினி?"

"நாத்தமடிச்சுச்சு" என்றேன்.

"என் மண்ணு நாறாது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உண்மைதான். தொட்டிப் பக்கத்துப் பையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். முதல் மழை விழுந்த வாசம்தான் வந்தது. கதவோரப் பையில் ஒரு வாசமும் இல்லை. கழுவிக் கவிழ்த்த கேன் மாதிரி இருந்தது.

ஜூன் 26

ஜெயக்கொடி காலையில் இட்லியைத் தொடவில்லை. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டாள்.

பால்ச்சாமி அடுப்படிக்கு வந்து நின்றான். எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவன், பேச்சு அளந்துதான் வரும். இன்று அவனே பேசினான்.

"நாலு வருஷம் டயாலிசிஸ்க்கா. வாரத்துல ரெண்டு நாள் மெஷின்ல கட்டிப்போட்டு வச்சிருப்பாங்க. மத்த நாள்ல அவ மாடிக்கு ஏறிருவா. ஊசி குத்தி வீங்கின கை. அந்தக் கையாலதான் எரு அள்ளுவா. மெஷின்ல படுத்துக் கிடக்கும்போதும் எந்தப் பைக்கு என்ன போடணும்னுதான் சொல்லிக்கிட்டிருப்பா. நான் அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"இதை எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ கேக்கலையேக்கா."

ஜூன் 27

செத்த பைகளைச் சரி செய்துவிட்டுத்தான் மதுரைக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தேன். கெடுத்தது நான், அவ்வளவுதான் விஷயம். வேறு காரணம் இல்லை.

ஜெயக்கொடி அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எப்படிச் செய்யணும்னு சொல்லு."

நான் எழுந்திருக்கவில்லை. உலையில் அரிசி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"முதல்ல வெறும் தண்ணி விட்டு அலசி எடுக்கணும்" என்று சுவரிடம் சொன்னாள். "அடியில ஓட்டை வழியா வடியட்டும். ரெண்டு மூணு தடவை."

"அப்புறம்?"

திரும்பிப் படுத்தாள். "நெசமாவே செய்வீங்களா?"

ஜூலை 3

உடம்பெல்லாம் வலி. பால்ச்சாமி மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே எல்லாப் பாரமும் எனக்கு.

பைகளை அலசி, கொட்டி, வெயிலில் பரப்பினேன். இங்கே எங்கே தோண்டினாலும் கரிசல். அதைப் பையில் போட்டால் கோடையில் கல்லாகிவிடும் என்று ஜெயக்கொடி சொல்கிறாள். அதனால் லோடு ஆட்டோவில் செம்மண் வந்தது. தென்னைநார்த் தூளை ஊற வைத்துப் பிழிந்தேன். டீத்தண்ணி மாதிரி இறங்கும் சாயம் வெளுக்கும்வரை பிழிய வேண்டுமாம், இல்லாவிட்டால் உப்பு வேரைக் கருக்கிவிடுமாம். மக்கின சாணி எரு பின்தெரு மாடத்தியம்மா தொழுவத்திலிருந்து வந்தது. வேப்பம்புண்ணாக்கு ஒரு சிறங்கை. செம்மண், நார்த்தூள், எரு மூன்றையும் சம அளவில் எடுத்து, அலசிக் காய்ந்த பழைய மண்ணோடு கலந்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

ஒரு பையை மட்டும் பிளீச்சிங் ஊற்றியபடியே விட்டுவைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கம். ஒப்பிட ஒன்று வேண்டும்.

மாடி வேலைக்குத் தனிச் சேலை, அது மாடியிலேயே கொடியில் கிடக்கிறது. இறங்கியதும் குளியல், அப்புறம்தான் அடுப்படி. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூலை 6

"கலந்துட்டேன். விதை போடட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்ப அது வெறும் கலவை மதினி. இன்னும் மண்ணாகலை. உசுரு ஏத்தணும்."

டிரம் தண்ணீரில் பச்சைச் சாணி, மாட்டுக் கோமியம், கருப்பட்டி, கடலை மாவு, அதோடு தொட்டிப் பக்கத்துப் பையிலிருந்து ஒரு பிடி மண். காலையும் மாலையும் கலக்கி, நிழலில் வைத்து, அப்புறம் தண்ணீர் சேர்த்துப் பைகளுக்கு ஊற்ற வேண்டும்.

"கோமியம் என்னால ஆகாது" என்றேன். "சாணியும் மாவும் சரி, கிருமிக்குத் தீனி. அந்த ஒரு பிடி மண்ணு எதுக்கு? இத்தனை பைக்கு அது எந்த மூலைக்கு?"

"ஒரு அண்டாப் பாலுக்கு நீங்க எவ்வளவு மோர் ஊத்துவீங்க?"

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். முப்பத்தொரு வருஷம் பாலோடு இருந்தவளுக்கு உறை ஊற்றுவதை இவள் சொல்லித் தருகிறாள். சொன்னது சரியாகவும் இருக்கிறது.

கோமியமும் ஊற்றியாயிற்று.

ஜூலை 8

கரைசல் நுரைக்கிறது. நான் கலக்கும்போது பால்ச்சாமி மேலே வந்து தொட்டி நிழலில் உட்கார்ந்தான்.

"அக்கா, உனக்கு எம் மேல கோபம்."

"எனக்கென்ன கோபம்."

"நான் குடுத்ததுல கோபம். அவ கேட்டு நான் குடுக்கலைக்கா. ரெண்டு வருஷம் மாட்டேன்னா. 'உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்'னா. அந்த ஒரே பேச்சுதான் திருப்பித் திருப்பி. கடைசில, நீ வரலைன்னா நான் வேற யாருக்காச்சும் குடுத்துருவேன்னு அவளை மிரட்டித்தான் கூட்டிட்டுப் போனேன்."

இன்று கரைசலைத் தேவைக்கு அதிகமாகவே கலக்கிவிட்டேன்.

ஜூலை 16

கரைசல் ஊற்றியாயிற்று. மேலே காய்ந்த சருகு பரப்பியாயிற்று. வெயில் நேராகப் பட்டால் உள்ளே இருப்பவை செத்துப்போகும், மண்ணை அம்மணமாக விடக் கூடாது என்கிறாள் ஜெயக்கொடி. சரி. ஆனால் உள்ளே உயிர் ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

"வாசத்துல தெரியும்" என்றாள்.

வாசத்தை நம்பி நான் ஒரு டேங்கரைக்கூட அனுப்பியதில்லை.

பழைய சகா கனகவேலுக்குப் போன் செய்தேன். மெத்திலீன் நீலம் ஒரு சின்ன பாட்டில், மூடியோடு கண்ணாடிக் குழாய்கள், பஸ் பார்சலில் அனுப்பச் சொன்னேன். "ரிட்டயர் ஆகியும் பாலை விடலையா?" என்று சிரித்தார். "இது பால் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 19

பால் பண்ணையில் இது தினசரி வேலை. குழாயில் பாலை ஊற்றி ஒரு சொட்டு நீலச் சாயம் விடுவோம். கிருமி நிறைய இருந்தால் அது பாலிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்து நீலத்தை வெளுத்துவிடும். நீலம் சீக்கிரம் போனால் பால் வீண்.

இன்று மூன்று குழாய். தொட்டிப் பக்கத்து மண், பிளீச்சிங் மண், புதுக் கலவை. மூன்றையும் கொதித்து ஆறிய தண்ணீரில் துளிக் கருப்பட்டி போட்டு ஊற வைத்து, வடிகட்டி, சாயம் விட்டு, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன்.

மத்தியானத்துக்குள் தொட்டிப் பக்கத்து மண் நீலத்தைத் தின்றுவிட்டது. குழாயைக் குலுக்கினேன். காற்றுப் பட்டு மேலே நீலம் திரும்பியது. ஆகவே மண் சாயத்தை உறிஞ்சிக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. உயிர்தான் தின்றது. பிளீச்சிங் மண் ராத்திரிவரை அப்படியே நீலம். புதுக் கலவை மங்கியிருக்கிறது, ஆனால் நீலம்தான்.

குழாய்களை ஜெயக்கொடி அறை ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகக் காட்டினேன். முதலில் புரியவில்லை. விளக்கினேன்.

"அப்ப இத்தனை வருஷம் நீலம் போகக் கூடாதுன்னு பாத்தீங்க. இப்ப போகணும்னு பாக்கீங்களா?"

"ஆமா."

சிரித்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கிற்று. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அல்லது நான் பார்க்கவில்லை.

ஜூலை 27

மறுபடி கரைசல் ஊற்றினேன். மறுபடி சோதனை. நீலம் சாயந்தரம் வெளுத்தது. போதாது.

மதுரைக் கீழ்வீட்டிலிருந்து எப்போது வருகிறேன் என்று கேட்டார்கள். மண் தயாரானதும் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 7

வெளுத்துவிட்டது! காலையில் சாயம் விட்டேன். சாம்பார் இறக்குவதற்குள் குழாய் பால் மாதிரி வெளுத்து நிற்கிறது. தொட்டிப் பக்கத்து மண்ணையே முந்திவிட்டது. என் மண். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, ஜன்னலுக்கு ஓடினேன்.

"ஜெயக்கொடி, இங்க பாரு!"

அவள் பார்த்தாள். கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. இன்னும் ஆடி இருக்கு. விதைங்க மதினி."

அவள் எடுத்து வைத்திருந்த நாட்டுத் தக்காளி விதையை நாற்று வளர்க்கும் குழித்தட்டில் போட்டேன். சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. பால்ச்சாமி அதையே ஊற்றிச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 12

நாற்றுகளுக்கு மேல் கட்டியிருந்த நிழல்வலையைக் காற்று கிழித்தது. தைத்தேன்.

ஆகஸ்ட் 30

நாற்றுகளைப் பைகளில் நட்டேன். தொட்டிப் பக்கத்துப் பழைய கத்தரித் தூர்களைப் பிடுங்கப் போனபோது ஜெயக்கொடி போனிலேயே கத்தினாள். பிடுங்கக் கூடாதாம். தரையோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட வேண்டுமாம். அது மக்கி, புது வேருக்கு வழியாகுமாம். சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்து, ஈரமில்லாவிட்டால்தான் தண்ணீர். நிறையத் தண்ணீர் நின்றால் நல்ல கிருமி மூச்சு முட்டிச் செத்து, கெட்டது பெருகும். மண் அழுகிய முட்டை மாதிரி நாறும்.

இப்போது எங்கள் பேச்சு ஒரு மணி நேரம்கூடப் போகிறது. எல்லாம் மண்ணைப் பற்றித்தான்.

செப்டம்பர் 14

ஜெயக்கொடிக்குக் காய்ச்சல். குளிர் நடுக்கம். பால்ச்சாமி காரில் மதுரைக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா போனில் வீட்டு நிலவரம் கேட்டார்.

"வீட்ல மண் வேலை பாக்குறது யாரு?"

"நான்தான்."

"கையைக் கழுவிட்டுத்தான் சமைச்சீங்களா?"

"குளிச்சிட்டுத்தான் சமைப்பேன்மா."

"பாக்கலாம். ரத்தம் எடுத்திருக்கோம்" என்றார்.

குளித்தேன். மறுபடியும் குளித்தேன். நகக்கண்ணை ஊசியால் சுத்தம் செய்தேன். ஒரு நாளாவது தவறினேனா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 15

தகவல் இல்லை. பால்ச்சாமி போனை எடுக்கவில்லை.

மாடிக்கு ஏறினேன். எல்லாவற்றையும் தெருவில் தள்ளிவிடுவது என்று ஏறினேன். முதல் பையைக் கதவுவரை இழுத்தேன். தக்காளிச் செடி முழங்கால் உயரம். இழுத்த இழுப்பில் சருகு விலகி, கீழே ஒரு மண்புழு தெரிந்தது. நான் கொண்டுவந்து விடவில்லை. எருவில் முட்டையாக வந்திருக்க வேண்டும்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் புழு பிழைத்து என்ன, பிழைக்காமல் என்ன.

அப்போது போன் அடித்தது. ஜெயக்கொடி. குரல் நூலாக வந்தது.

"மதினி, தண்ணி விட்டீங்களா?"

"உனக்கு எப்படி இருக்கு? முதல்ல அதைச் சொல்லு."

"ஊசி போட்டுருக்காங்க. செடியெல்லாம் பூ எடுக்குற நேரம், வாட விட்றாதீங்க."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுறலாம்னு இருக்கேன்" என்றேன். "என் கையிலருந்துதான் உனக்கு..."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க சுத்தம் இந்த உலகத்துல யாருக்கு வரும்? நான் மாடியில அள்ளுற காலத்துல சேலைல கையைத் துடைச்சுட்டுச் சோறு தின்னவ. போய்த் தண்ணி விடுங்க."

பையை இருந்த இடத்துக்கு இழுத்து வைத்தேன். தண்ணீர் விட்டேன்.

செப்டம்பர் 17

சிறுநீர்த் தொற்று. ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதானாம். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். காய்ச்சல் இறங்கிவிட்டது. புதுச் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இதை எழுதும்போது கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மாடத்தியம்மா வீட்டுக்கு ஒரு படி பச்சரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். காரணம் கேட்டாள். "சாணி நல்லாருந்துச்சு" என்றேன்.

அக்டோபர் 6

பூ உதிர்கிறது. ஜெயக்கொடிக்கு மருந்து தெரியும், மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் புளிக்க வைத்துத் தெளிப்பது. ஆனால் புளிப்பின் பதம் அவளைவிட எனக்குத் தெரியும். அவள் ஒரு வாரம் என்றாள். நான் தினமும் முகர்ந்து பார்த்து ஐந்தாம் நாளே எடுத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும் மதினி."

"பாலு விஷயத்துல நீ பேசாத."

பேசவில்லை.

அக்டோபர் 19

பிஞ்சு. எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன். கண் படக் கூடாது.

நவம்பர் 8

மழை இரண்டு நாள். பைகளில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்து மாடியில் வாங்கி வைத்த தொட்டிச் செடிகள் அழுகின. அந்த வீட்டு அம்மாள் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன மண்ணு போட்டீங்க?" என்று கேட்டாள். நின்று விளக்கினேன். மழை வலுத்ததால்தான் உள்ளே வந்தேன்.

நவம்பர் 15

முதல் பறிப்பு. நாட்டுத் தக்காளி, தட்டையாக, மடிப்பு மடிப்பாக. முறம் நிறைந்துவிட்டது. ஜன்னலில் காட்டினேன். ஜெயக்கொடி வெகுநேரம் பார்த்தாள்.

"பக்கத்து வீடுகளுக்குக் குடுத்துருங்க மதினி. எப்பவும் அப்படித்தான் குடுப்பேன்."

"நமக்கு?"

"உங்களுக்கும் அவுகளுக்கும் எடுத்துக்குங்க."

அவள் சாப்பாட்டில் தக்காளி சேர்க்காதே என்று நான் வந்த அன்றே பால்ச்சாமி சொல்லியிருந்தான். ஏன் என்று இன்றுதான் கேட்டேன். சிறுநீரகம் போனவர்களுக்குத் தக்காளி ஆகாதாம், கீரையும் ஆகாதாம். அதில் உள்ள பொட்டாசியம் என்ற சத்தை வெளியேற்ற முடியாமல் இதயத்தைப் பிடித்துவிடுமாம். நாலு வருஷம் தக்காளி வளர்த்தாள், பறித்தாள், தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறமும் மருந்து காரணமாக டாக்டர் இன்னும் விடவில்லை.

நல்லதாகப் பொறுக்கி எடுத்து வைத்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னும் பழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 21

மதுரையில் பரிசோதனை. நானும் போனேன். ஜெயக்கொடி சத்தியமாகக் கேட்க மாட்டாள் என்று தெரியும், அதனால் நானே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தக்காளி சாப்பிடலாமாம்மா?"

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எல்லாம் நல்ல அளவுல இருக்கு. நல்லா வேக வச்சு, கொஞ்சமா ஆரம்பிக்கலாம்."

என் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். எட்டிப் பார்க்கலாமா என்று பால்ச்சாமி கேட்டான். தக்காளி கனிந்துவிடும், நேராக ஊருக்குப் போகலாம் என்றேன்.

நவம்பர் 22

தக்காளித் தொக்கு. வேறொன்றும் வைக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் தோலுரித்து, நல்லெண்ணெயில் கடுகு, பூண்டு, மிளகாய் வத்தல் தாளித்து, எண்ணெய் பிரியும்வரை வேக வைத்தேன். உப்பைக் குறைத்தேன்.

முதல் முறையாக மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். அவள் தன் அறையில், நாங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம்.

சோற்றில் பிசைந்து ஒரு உருண்டை எடுத்து வாயில் வைத்தாள். மெல்லவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பால்ச்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னட்டி, நல்லாயில்லையா?" என்றேன்.

"புளிக்கு மதினி" என்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது, வாய் சிரிக்கிறது. "அய்யோ, என்னமா புளிக்கு!"

இன்னொரு கரண்டி கேட்டாள். டாக்டர் கொஞ்சமாகத்தான் சொன்னார், கொடுக்க மாட்டேன் என்றேன். அரைக் கரண்டி கொடுத்தேன்.

டிசம்பர் 10

இன்று ஜெயக்கொடி மாடிக்கு ஏறினாள். டாக்டரம்மா விதித்தபடி முகக்கவசம், கையுறை, காலில் மூடின செருப்பு. எருவைத் தொடக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் பால்ச்சாமி முன்னால், நான் பின்னால். "நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று சிணுங்கிக்கொண்டே ஏறினாள்.

கதவைத் திறந்தேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பை பையாக நடந்தாள். பக்கத்து மாடி அம்மாள் பார்த்துவிட்டு, "ஏ, ஜெயக்கொடி வந்துட்டா!" என்று தன் வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள். இரண்டு மூன்று மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். அவள் கையுறைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தாள், தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி.

கதவோரப் பைகளுக்கு முன்னால் நின்றாள். நான் சருகை விலக்கி ஒரு பிடி அள்ளி, எட்டி நின்று காட்டினேன். கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது.

"என் மண்ணைவிட நல்லாருக்கு மதினி" என்றாள்.

"சோதனையிலயும் அப்படித்தான் வந்துச்சு" என்றேன். உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

அப்புறம் சண்டை வந்தது. காலியான பைகளில் என்ன போடுவது என்று. கீரை போடலாம், சீக்கிரம் கிடைக்கும் என்றாள். இத்தனை பாடுபட்டு ஏற்றிய மண்ணைக் கீரைக்கு வீணாக்க விடமாட்டேன் என்றேன். என் மாடி என்றாள். என் மண் என்றேன். பால்ச்சாமி இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தான், அவனை யாரும் கேட்கவில்லை. கடைசியில் தொட்டிப் பக்கம் அவள் இஷ்டம், கதவுப் பக்கம் என் இஷ்டம் என்று தீர்ந்தது.

"சரி, உங்க பக்கம் என்ன வைக்கப் போறீங்க?"

"பெரிய டிரம்மா ஒண்ணு வாங்கி, எலுமிச்சை ஒட்டுக்கன்னு வைக்கப் போறேன்."

"எலுமிச்சையா? அது காய்க்க ரெண்டு மூணு வருஷம் ஆகுமே மதினி."

"ஆகட்டும்" என்றேன்.